பள்ளிக்கூடம் நடத்திய புனிதர் – ஜான் பாப்திஸ்ட் தெ லசால்



நமது ஆலயத்தின் பொன்விழா மலரில் கோயில் எழுந்த கதையும், அதற்காக உழைத்த பெரியோரின் நினைவும் இடம்பெறுவது முறையே. ஆனால் கோயிலை ஒட்டி நிற்கும் பள்ளிக்கூடத்தை மறந்துவிட்டு ஒரு பங்கின் வரலாற்றை எழுதிவிட முடியாது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்கு இல்லத்துத் திண்ணையில் காத்திருப்போரில் பாதிப் பேர் ஆன்ம காரியமாக வருகிறவர்கள் அல்லர். பிள்ளைக்கு ஆறாம் வகுப்பில் இடம் வேண்டும். மருமகளுக்கு ஆசிரியை வேலை வேண்டும். மகனை அடித்த ஆசிரியரைக் கண்டிக்க வேண்டும். பங்குத்தந்தை என்ற பெயரோடு தாளாளர் என்ற பெயரையும் சுமக்கிற எந்தக் குருவுக்கும் இது புதிதன்று. குருமடத்தில் நமக்குத் தத்துவ இயல் கற்பித்தார்கள், இறையியல் கற்பித்தார்கள். பள்ளிக்கூடம் நடத்தக் கற்பிக்கவில்லை. அதைக் கற்றுக்கொள்ள ஒரு புனிதரிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

அவர் புனித ஜான் பாப்திஸ்ட் தெ லசால். 1900-ஆம் ஆண்டு மே 24 அன்று திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் இவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 1950-ஆம் ஆண்டு மே 15 அன்று திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் இவரை ஆசிரியர்கள் அனைவருக்கும் பாதுகாவலராக அறிவித்தார். தூத்துக்குடிப் பக்கத்தாருக்கு லசால் பள்ளி என்றதும் விளங்கும். கொழும்பில் உறவு உள்ளவர்கள் கொட்டாஞ்சேனை புனித பெனடிக்ட் கல்லூரியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவற்றுக்கெல்லாம் வேராக நின்ற மனிதர், பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று ஒரு நாளும் ஆசைப்பட்டவர் அல்லர் என்பதுதான் இவருடைய வாழ்க்கையில் முதலாவதாகக் கவனிக்கத்தக்கது.

1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று பிரான்சு நாட்டின் ரீம்ஸ் நகரில் இவர் பிறந்தார். பிரான்சு மன்னர்கள் முடிசூட்டிக்கொள்ளும் பேராலயம் அமைந்த நகரம் அது. தந்தை லூயி நீதிமன்றத்தில் பெரிய பதவி வகித்தவர். தாய் நிக்கோல் மொயே உயர்குடியில் வந்தவர். பதினொரு பிள்ளைகளில் இவரே மூத்தவர். அவர்களுள் எழுவர்தாம் பிழைத்தனர். பதினைந்து வயதிலேயே இவர் ரீம்ஸ் பேராலயத்தின் கனோன் ஆனார். கனோன் என்பது நம் ஊர்ப் பங்குகளில் யாரும் காணாத பதவி. பேராலயத்தில் நாள்தோறும் கூடிக் கட்டளைச் செபம் பாடும் குழுவில் ஓர் ஆசனம். அந்த ஆசனத்துக்கு ஆயுள் முழுவதும் நிலையான வருமானம். வேலை சிறிது, மரியாதை பெரிது. மேலே மேலே போவதற்கு அது முதற்படி என்று அக்காலத்தார் கருதினர்.

1670-இல் பாரிசில் புனித சுல்பிஸ் குருமடத்தில் சேர்ந்தார். மறு ஆண்டு தாய் இறந்தார். அதற்கடுத்த ஆண்டு தந்தையும் போய்ச் சேர்ந்தார். இருபத்தொரு வயதை எட்டும் வேளையில், நான்கு தம்பியருக்கும் இரண்டு தங்கையருக்கும் காப்பாளராக ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. குடும்பச் சொத்தின் வரவு செலவை அவர் எழுதி வைத்த கணக்கு இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் பல நகரங்களில் பள்ளிகளை நடத்தப் போகிறவருக்கு முதல் பயிற்சி, தாயில்லாப் பிள்ளைகளின் துணிமணிக்கும் படிப்புக்கும் கணக்கு எழுதியதுதான் என்று நாம் நினைப்பதுண்டு. 1678-ஆம் ஆண்டு ஏப்ரல் 9, பெரிய சனியன்று குருப்பட்டம் பெற்றார். சில நாட்களில் அவருடைய ஆன்ம குரு நிக்கோலா ரோலான் இறந்துபோகவே, அவர் தொடங்கியிருந்த கன்னியர் சபையை அரசு ஏற்கும்படி செய்யும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. அதையும் முடித்துக் கொடுத்தார்.

அந்தக் கன்னியர் மடத்து வாசலில்தான் 1679-ஆம் ஆண்டு ஒரு மனிதரைச் சந்தித்தார். அவர் பெயர் ஆதிரியன் நீயெல். ரூவான் நகரத்தார், குருவல்லர், ஐம்பது வயதைத் தாண்டியவர். ரீம்ஸ் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கு இலவசப் பள்ளி தொடங்க வேண்டும் என்று செல்வச் சீமாட்டி ஒருவர் அனுப்பி வைத்ததால் வந்திருந்தார். தெ லசால் வழி சொன்னார். தம் வீட்டில் தங்க இடம் கொடுத்தார். புனித மௌரிஸ் பங்குக் குருவிடம் பேசி ஏற்பாடு செய்தார். ஏப்ரல் 15 அன்று பள்ளி தொடங்கியது. நம்மில் பலரும் செய்வதுபோல், உதவி செய்தாயிற்று, இனி அவர்கள் பாடு என்று எண்ணினார்.

நீயெல் நல்லவர். ஆனால் தொடங்குவதில் இருந்த வேகம் நிலைநிறுத்துவதில் அவருக்கு இல்லை. ஒரு பள்ளியைத் திறந்த கையோடு அடுத்த பள்ளிக்கு ஓடிவிடுவார். ரீம்ஸ் போதாதென்று ரெத்தெல், கீஸ், லான் என்று பக்கத்து ஊர்களுக்கும் போனார். பின்னால் விடப்பட்ட ஆசிரியர்களோ, வேறு வேலை கிடைக்காததால் வந்தவர்கள். நேரத்துக்கு எழுவதில்லை, ஒருவர் கற்பிக்கும் முறை மற்றவருக்குத் தெரியாது, மேற்பார்வை பார்க்க ஆள் இல்லை. திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர் பொறிப்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. அடுத்த திங்கட்கிழமை முதல் மணி அடிக்கும்போது வாசலில் நிற்பவர்தான் அரிது.

ஒரே மேசையில்

அந்த இடத்தில் நிற்பதற்குத் தெ லசால் தயங்கித் தயங்கித்தான் வந்தார். 1679 கிறிஸ்துமஸ் காலத்தில் ஆசிரியர்களுக்குத் தம் வீட்டருகே ஒரு வீடு வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தார். பிறகு அவர்களுக்குத் தம் வீட்டிலிருந்தே உணவு அனுப்பினார். பிறகு சாப்பாட்டு வேளைக்கு வீட்டுக்கே வரச் செய்தார். 1681 ஜூன் 24 அன்று அவர்களைத் தம் வீட்டிலேயே குடிவைத்தார். ஒவ்வொன்றும் சிறிய அடி. திரும்பிப் பார்க்கும்போது எவ்வளவு தொலைவு வந்துவிட்டோம் என்று அவருக்கே வியப்பு. அந்த ஆசிரியர்களைத் தம் வேலைக்காரனுக்கும் கீழாக எண்ணியிருந்ததாகவும், அவர்களோடு சேர்ந்து வாழ நேரும் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் இக்காரியத்தைத் தொட்டிருக்கவே மாட்டார் என்றும் அவரே பின்னாளில் எழுதி வைத்தார். புனிதர்கள் இப்படி வெளிப்படையாக எழுதுவது நமக்கு ஆறுதல்.

உறவினர் கொதித்தெழுந்தனர். கனோன் வீட்டு மேசையில் கூலிக்காரர்கள் போன்றவர்கள் உட்கார்ந்து சாப்பிடுவதா? தம்பிமாரின் வளர்ப்பு என்னாவது? இளைய தம்பியரை அவரிடமிருந்து பிரித்துக்கொண்டு போனார்கள். மறு ஆண்டு, அதே ஜூன் 24 அன்று, தெ லசால் தம் பெரிய வீட்டை விட்டு ஆசிரியர்களோடு ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டார். அவர்களுடைய முரட்டுச் சாப்பாடு தொண்டையில் இறங்க மறுத்தது. பட்டினி கிடந்து பசியை வரவழைத்துத்தான் அதை உண்ணப் பழகினார் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஆசிரியர்கள் அவரை நம்பவில்லை! இவ்விடம்தான் இவருடைய வாழ்க்கையின் நடு முடிச்சு என்பது நம் கருத்து. நாளையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், வயலின் லீலி மலர்களைக் கடவுள் உடுத்தவில்லையா என்று அவர் உருக்கமாக மறையுரை ஆற்றினார். அவர்கள் மரியாதையாகவே பதில் சொன்னார்கள். ஐயா பேசுவது எளிது. ஐயாவுக்குச் சொத்து இருக்கிறது, கனோன் வருமானம் இருக்கிறது. இந்தப் பள்ளிகள் நாளை மூடப்பட்டாலும் ஐயாவின் அடுப்பு எரியும். நாங்கள் முதுமையில் தெருவில் நிற்போம் என்பதே அவர்கள் சொன்னதன் சாரம்.

பள்ளி நிர்வாகத்தில் இருக்கிற எவரும் இந்தப் பதிலைக் கேட்டிருப்பார்கள், நேரிலோ முதுகுக்குப் பின்னாலோ. தியாகத்தைப் பற்றி ஆசிரியர் கூட்டத்தில் பேசுகிற தாளாளரின் சாப்பாடு ஒரு நாளும் தவறுவதில்லை. முன்பெல்லாம் சில தனியார் பள்ளிகளில் ஓர் எண்ணுக்குக் கையெழுத்து வாங்கி வேறோர் எண்ணைக் கையில் கொடுத்த கதைகளை நாம் கேட்டதுண்டு. அப்படிப்பட்ட இடத்தில் சேவை மனப்பான்மை என்ற சொல்லைத் தலைமை உச்சரித்தால் கேட்பவர் மனத்தில் என்ன ஓடும்?

தெ லசாலுக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் சொன்னது உண்மை என்று கண்டார். அதற்குப் பரிகாரம் என்ன? சொத்தையெல்லாம் பள்ளிகளுக்கு எழுதி வைத்துவிடலாம். நம்மிடம் கேட்டிருந்தால் நாமும் அதைத்தான் சொல்லியிருப்போம், கணக்குத் தெரிந்த எந்தத் தாளாளரும் அதைத்தான் சொல்வார். அவர் பாரிசிலிருந்த நிக்கோலா பாரே என்ற துறவியிடம் யோசனை கேட்டார். அந்தத் துறவி, பள்ளிகளுக்கு மூலதனம் வைக்காதே, கடவுளின் பராமரிப்பில் விடு என்றார். 1683-இல் தெ லசால் கனோன் பதவியைத் துறந்தார். 1684-ஐ ஒட்டி அப்பகுதியில் கொடிய பஞ்சம் வந்தபோது தம் சொத்தை அப்பமாக மாற்றி, பள்ளிப் பிள்ளைகளுக்கும் வாசலில் வந்து நின்றவர்களுக்கும் கொடுத்துத் தீர்த்தார். இப்போது அவரும் ஆசிரியர்களும் ஒரே நிலை. அதன் பிறகு எதிர்காலத்தைப் பற்றிய அந்தப் பழைய குறையை அவரிடம் சொல்ல எவருக்கும் காரணமில்லாமல் போயிற்று. பாரே துறவியின் யோசனை நிர்வாகத்துக்கு ஏற்றதா என்பதில் நமக்கு இன்றும் ஐயம் உண்டு. பிற்காலத்தில் அந்தப் பள்ளிகள் பணமில்லாமல் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் ஆசிரியர்களின் நம்பிக்கையை அவர் வாங்கிய விலை அதுதான்.

கனோன் பதவியைத் துறந்தபோது நடந்த ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதைப் பெற அவருடைய சொந்தத் தம்பி ஒருவர் தகுதியோடு காத்திருந்தார். அவரும் குருத்துவத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். ஊரும் உறவும் பதவி தம்பிக்குத்தான் போகும் என்று நம்பின. தெ லசாலோ தம் குடும்பத்தைச் சேராத ஓர் ஏழைக் குருவுக்கு அதைக் கொடுத்தார். தம்பி தகுதியற்றவர் என்பதால் அன்று. தம் இரத்த உறவு என்ற காரணத்தால் ஒரு பதவி கைமாறியது என்ற பேச்சுக்கு இடமே இருக்கக்கூடாது என்றே கருதினார் போலும். திண்ணையில் காத்திருக்கும் நம் பங்குமக்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை வாசித்தால் நமக்கு வருத்தமில்லை.

வகுப்பறைக்குள் அவர் கண்ட வழி

1680-களில் அவர்கள் சகோதரர்கள் என்று தங்களை அழைத்துக்கொள்ளத் தொடங்கினர். கறுப்பு அங்கியும் முரட்டுக் காலணியும் அணிந்தனர். தெருவில் சிறுவர்கள் கேலி செய்தனர். 1688-இல் பாரிஸ் நகரில் புனித சுல்பிஸ் பங்குப் பள்ளியை ஏற்றனர். நாட்டுப்புறப் பங்குகள் ஆசிரியர் கேட்டபோது, தனித்தனியாகச் சகோதரர்களை அனுப்ப அவர் மறுத்தார். மாறாக, கிராமத்து வாலிபர்களை வரவழைத்துப் பயிற்சி கொடுத்துத் திருப்பி அனுப்ப ரீம்ஸ் நகரில் ஒரு பயிற்சி இல்லம் தொடங்கினார். ஐரோப்பாவில் தோன்றிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளில் மிகப் பழமையானவற்றுள் அது ஒன்று.

அக்காலத்துச் சிறு பள்ளிகளில் ஆசிரியர் மேசையில் இருப்பார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பாடம் ஒப்பித்துப் போவார்கள். மற்றவர்கள் அதுவரை சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள். தெ லசாலின் பள்ளிகளில் ஒரே நிலையில் உள்ள பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்து, எல்லாரிடமும் ஒரே புத்தகம் இருக்க, ஒருவன் வாசிக்கும்போது மற்றவரும் கண்ணால் தொடரும்படி செய்தார்கள். இந்த முறையை உலகுக்கு முதலில் கொடுத்தவர் இவரே என்று சிலர் எழுதுவது மிகை. வேறு சிலரும் முயன்றிருக்கிறார்கள். பள்ளிக்குப் பள்ளி மாறாமல் அதை ஒழுங்காக நடத்திக் காட்டியவர் இவர். ஆசிரியர் வாயால் கத்தாமல் சைகை காட்ட மரத்தாலான ஒரு சிறு கருவி வைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பெற்றோர் யார், எங்கே வசிக்கிறான், அவன் குணம் என்ன, எப்படி நடத்தினால் திருந்துவான் என்று குறிப்பேடு எழுதப்பட்டது.

எந்த மொழியில் வாசிக்கத் தொடங்குவது என்பதில் இவருக்கும் சார்த்ர் நகர ஆயருக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. அந்நாட்களில் பிள்ளைகள் முதலில் இலத்தீன் எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள். தாய்மொழியான பிரெஞ்சு அதற்குப் பிறகுதான். ஆயரும் அதையே விரும்பினார். தெ லசால் பணிவோடு காரணங்களை எடுத்துரைத்தார். ஏழையின் பிள்ளை பள்ளியில் இருப்பது சில காலந்தான். கை கொஞ்சம் பலப்பட்டதும் தகப்பன் வேலைக்கு அழைத்துக்கொள்வான். பேசுகிற மொழியில் வாசிக்க விரைவில் வரும். புரியாத மொழியில் தொடங்கினால் இரண்டும் வராமல் வெளியேறுவான். ஆங்கில வழி வகுப்பு ஒன்று போதாது, எல்லா வகுப்பும் ஆங்கில வழியாக வேண்டும் என்று நம்மிடம் விண்ணப்பம் கொண்டுவருகிற பெற்றோர் இந்த வாதத்தை ஒரு நாள் பொறுமையாக எண்ணிப் பார்க்கலாம்.

இவை எல்லாம் பள்ளி நடத்தும் முறை என்ற பெயரில் ஒரு நூலாக எழுதப்பட்டன. அவர் இறந்த மறு ஆண்டு, 1720-இல், அவிஞோன் நகரில் அது அச்சாயிற்று. அதை அவர் அறையில் தனியே உட்கார்ந்து எழுதவில்லை. பல்லாண்டு வகுப்பில் நின்ற மூத்த சகோதரர்களோடு கூடிக் கூடிப் பேசி, செய்து பார்த்து, பயன்படாததை நீக்கி, பயன்பட்டதை மட்டும் வைத்தார். அவர் இறையியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். அவர்களோ பெரும்பாலும் சாதாரணக் குடும்பத்துப் பையன்கள். ஆயினும் பாடம் நடத்துவதைப் பற்றி அவர்களுக்குத்தான் தெரியும் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வருகிறதே தவிர, வகுப்பில் நிற்பவரை யாரும் கேட்பதில்லை என்று இக்காலத்து ஆசிரியர்கள் முறையிடுவது நியாயமே.

அந்நூலில் பள்ளிக்கு வராத பிள்ளைகளைப் பற்றிய பகுதி நமக்கு மிகவும் பிடித்தது. பிள்ளை ஏன் வரவில்லை? வீட்டில் வேலை வைத்தார்களா? விளையாட்டுப் புத்தியா? அல்லது ஆசிரியர்மீது வெறுப்பா? கடைசிக் காரணமாயிருந்தால் திருத்தப்பட வேண்டியவர் ஆசிரியர். தண்டனையைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறது. பிரம்பு அந்தப் பள்ளிகளிலும் இருந்தது. இக்காலக் கண்ணோடு பார்த்தால் வருத்தமே. ஆனால் கையால் அறைவது, உதைப்பது, பட்டப்பெயர் வைத்து அழைப்பது ஆகியவை தடுக்கப்பட்டன. கோபத்தில் இருக்கும்போது தண்டிக்கக்கூடாது. திறமையுள்ள ஆசிரியரின் வகுப்பில் தண்டனை அபூர்வமாக இருக்கும் என்பது அவர் முடிவு. காலை உணவைப் பிள்ளைகள் பள்ளியிலேயே உண்டார்கள். அப்போது ஒரு கூடை சுற்றி வரும். வீட்டிலிருந்து மிகுதியாக அப்பம் கொண்டு வந்தவன் அதில் போட, இல்லாதவன் அதிலிருந்து பெறுவான்.

இலவசம் என்பதில் அவர் இம்மியும் அசையவில்லை. அதனால் வழக்குகள் வந்தன. பாரிசில் எழுத்துக் கற்பிப்பதற்குத் தனி உரிமை பெற்ற ஆசான்களின் சங்கம் ஒன்று இருந்தது. தர்மப் பள்ளியில் பரம ஏழைகள்தாம் படிக்கலாம், கட்டணம் கொடுக்கக்கூடியவன் பிள்ளையை எப்படிச் சேர்த்தீர்கள் என்று அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1704-இல் சகோதரர்களின் பள்ளிகளில் எழுதுபொருள்கள் பறிமுதலாயின. தெ லசாலுக்கு அபராதமும் விதிக்கப்பட்டது. வருகிற பிள்ளையின் தகப்பனிடம் வறுமைச் சான்றிதழ் கேட்க அவர் மறுத்ததே குற்றம். இதற்கு மாறாக, ரூவான் நகரின் புறத்தே புனித யோன் என்ற பெரிய வளாகத்தில் வணிகர்களின் பிள்ளைகளுக்குக் கட்டண விடுதிப் பள்ளி நடத்தினார். அங்கே வந்த பணம் அவ்வில்லத்தையும் நவதுறவியரையும் தாங்க உதவியது. பணத்தை வெறுத்தவர் என்று அவரைச் சொல்வது சரியாகாது. ஏழைப் பிள்ளையிடமிருந்து வாங்கக்கூடாது என்பதில்தான் பிடிவாதம்.

குறைகளும் வீழ்ச்சியும்

விழா மலர்களில் புனிதரைக் குறையற்றவராக எழுதுவது வழக்கம். தெ லசாலுக்கு அந்த அலங்காரம் தேவையில்லை. ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் அவர் எளிதில் ஏமாந்தார். பாரிசில் நவதுறவியருக்குப் பொறுப்பாக அவர் வைத்த சகோதரர், இளைஞர்களை மிகக் கடுமையாகத் தண்டித்தார். புகார் பேராயர் கர்தினால் நோயாயிடம் போயிற்று. தெ லசால் பழியைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார்; 1702-இல் கர்தினால் அவரைத் தலைமையிலிருந்து நீக்கி வேறொரு குருவை நியமித்தார். தமக்கு நேர்ந்ததைச் சகோதரர்களிடம் அவர் மூச்சுவிடவில்லை. புதிய தலைவர் வந்து நின்றபோதுதான் அவர்களுக்கு விஷயம் தெரிந்தது. ஏற்கமாட்டோம் என்று எழுந்து நின்றனர். அவர்களைச் சமாதானப்படுத்த தெ லசால்தான் பாடுபட வேண்டியிருந்தது.

1691-ஆம் ஆண்டு நவம்பர் 21 அன்று, எல்லாம் சிதறிவிடும்போல் இருந்த வேளையில், அவரும் இரண்டு சகோதரர்களும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தனர். பிச்சை எடுத்து வெறும் அப்பம் தின்றாலும் இந்தப் பணியைக் கைவிடோம் என்பதே அது. அந்த இருவரில் ஒருவரான நிக்கோலா வுயார், பிற்காலத்தில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கென்று தம் பெயரில் எழுதி வைக்கப்பட்ட பணத்தோடு பிரிந்து போய்விட்டார். மற்றவர் காப்ரியேல் துரோலன். அவரைப் பற்றிப் பிறகு சொல்வோம்.

மிகப் பெரிய அடி 1712-இல் விழுந்தது. ஆசிரியர் பயிற்சி இல்லம் தொடங்க ஆர்வம் காட்டிய கிளெமான் என்ற இளைஞரை நம்பி, வீடு வாங்க 5,200 லிவர் கடன் கொடுத்திருந்தார். இளைஞர் சட்டப்படி வயது வராதவர். அவருடைய தந்தை, அறியாப் பையனை ஏமாற்றிப் பணம் பறிக்கப் பார்த்தவர் என்று தெ லசால்மேல் வழக்குத் தொடுத்தார். தீர்ப்பு தெ லசாலுக்கு எதிராக வந்தது. அதற்குள் அவர் தென் பிரான்சுக்குப் போய்விட்டார். அங்கிருந்த இல்லங்களைப் பார்வையிடப் போனார் என்பார்கள். நமக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. தம்மால்தான் பணி கெடுகிறது என்று மனம் உடைந்து போனார் என்பதே பொருந்துகிறது. மார்செய் நகரில் தொடங்கிய நவதுறவியர் இல்லம் எதிர்ப்பால் கலைந்தது. மாந்த் நகரில் அவருடைய சகோதரர்களே அவரை வரவேற்கவில்லை. கடைசியில் கிரெனோபிள் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே பள்ளித் தலைவரான சகோதரர் வெளியூர் போக வேண்டியிருந்தபோது, அறுபது வயதைத் தாண்டிய இந்தச் சபை நிறுவனர் அவருக்குப் பதிலாக வகுப்பில் நின்று சிறுவர்களுக்கு எழுத்துக் கற்பித்தார். வரிசையாக அவர்களைத் திருப்பலிக்கு அழைத்துப் போனார். அவருடைய வாழ்க்கையில் மகிழ்ச்சியான மாதங்கள் அவையாக இருந்திருக்கலாம்.

பாரிசிலோ சபை சிதறத் தொடங்கியது. ஒவ்வோர் இல்லத்துக்கும் வெளிக்குரு ஒருவரை மேலாளராக வைக்கும் ஏற்பாடு நுழைந்துகொண்டிருந்தது. அப்போது பாரிஸ், வெர்சாய், புனித தெனி இல்லங்களின் முக்கிய சகோதரர்கள் கூடி, 1714-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று அவருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். கெஞ்சிய கடிதமன்று, கட்டளை. அவர் கீழ்ப்படிவதாக வாக்களித்திருக்கும் இந்தச் சபையின் பெயரால் உடனே வந்து பொறுப்பை ஏற்கும்படி ஆணையிட்டார்கள். தாம் வளர்த்த பிள்ளைகள் தமக்கே கட்டளையிடுவதைக் கண்டு வேறொரு தலைவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்கக் கடினமில்லை. தெ லசால் வழியிலுள்ள வேலைகளை முடித்துக்கொண்டு, ஆகஸ்டு 10 அன்று பாரிஸ் இல்லத்து வாசலில் வந்து நின்று, வந்துவிட்டேன், என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

அவர் வெகு காலமாக விரும்பியது ஒன்று இருந்தது. சகோதரர்களைச் சகோதரர் ஒருவரே ஆள வேண்டும். 1686-லேயே தலைமையைத் துறந்து, ஆன்றி லெரோ என்ற சகோதரரைத் தெரிந்தெடுக்கச் செய்து, அவரிடம் அனுமதி கேட்டு நடந்துவந்தார். குருவும் டாக்டருமான ஒருவர் குருவல்லாதவருக்குக் கீழ்ப்படிவதா என்று மறைமாவட்ட அதிகாரிகள் அதைக் கலைத்துவிட்டனர். பிறகு அந்தச் சகோதரரைக் குருத்துவத்துக்குப் படிக்க வைத்தார். 1690-இல் அவர் திடீரென இறந்தார். அதைக் கடவுளின் குறிப்பாகக் கண்டு, தம் சபையில் எவரும் குருவாகக் கூடாது, அனைவரும் ஆசிரியராகவே இருக்க வேண்டும் என்று தெ லசால் முடிவு செய்தார். குருக்களாகிய நமக்கு இது சிந்திக்க வேண்டிய செய்தி. பலிபீடத்துக்கு அழைக்கப்பட்டால் வகுப்பறை இரண்டாம் இடத்துக்குப் போய்விடும் என்று ஒரு குருவே கண்டிருக்கிறார்.

1717-ஆம் ஆண்டு மே மாதம் புனித யோன் இல்லத்தில் கூடிய பொதுப் பேரவை, சகோதரர் பார்த்தலொமேயை உயர் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. தெ லசால் உணவறையிலும் கோயிலிலும் கடைசி இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நவதுறவியருக்குப் பாடம் சொன்னார். சிறு காரியத்துக்கும் புதிய தலைவரிடம் அனுமதி பெற்றார். யாராவது அவரிடம் முறையிட வந்தால், தலைவரைப் போய்ப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். பதவியை விட்ட பிறகும் அறைக்குள்ளிருந்தபடியே ஆட்சி செய்கிறவர்களை நாம் கண்டிருக்கிறோம். மாற்றலாகிப் போன பங்கின் பள்ளியைத் தொலைபேசியில் நடத்துகிறவர்களும் உண்டு.

இறக்கும் தறுவாயிலும் அவருக்கு நிம்மதி கிடைக்கவில்லை. விடுதிப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோயிலுக்கு வருவதைப் பற்றிய ஒரு தகராறில், ரூவான் பேராயரகம் பாவசங்கீர்த்தனம் கேட்கும் அதிகாரத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டது. இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் அந்த முடிவு அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. 1719-ஆம் ஆண்டு ஏப்ரல் 7, பெரிய வெள்ளியன்று விடியுமுன் அவர் உயிர் துறந்தார். அப்போது சகோதரர்கள் சுமார் நூறு பேர். பள்ளிகள் இருபதுக்கு மேற்பட்ட ஊர்களில் இருந்தன. சபைக்கு அரசின் ஏற்பும் இல்லை, ரோமையின் ஏற்பும் இல்லை. அரசின் ஆணை 1724-லும், திருத்தந்தை 13-ஆம் ஆசீர்வாதப்பரின் அங்கீகாரம் 1725-லும் வந்தன.

காப்ரியேல் துரோலனைப் பற்றிச் சொல்வதாகக் கூறினோம். 1702-இல் தெ லசால் அவரை ரோமைக்கு அனுப்பினார். திருத்தந்தையின் நிழலில் ஒரு பள்ளி வேண்டும் என்பது நோக்கம். உடன் போனவர் விரைவில் திரும்பிவிட, துரோலன் மொழி தெரியாத ஊரில் தனியாக நின்று, வாடகைக்கும் அப்பத்துக்கும் வழியில்லாமல் திண்டாடி, ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு திருத்தந்தையின் இலவசப் பள்ளிகளில் ஒன்றைப் பெற்றார். தெ லசால் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். பணம் அனுப்ப முடியாத வருத்தம், உடல்நலம் பற்றிய விசாரிப்பு, இன்னொரு சகோதரரைத் துணைக்கு அனுப்பப் பார்க்கிறேன் என்ற வாக்கு ஆகியவை அக்கடிதங்களில் மாறி மாறி வருகின்றன. அனுப்ப ஆள் கிடைக்கவேயில்லை. இருவரும் மறுபடி சந்திக்கவும் இல்லை. துரோலன் அந்த வகுப்பில் நின்றுகொண்டேயிருந்தார். 1728-இல்தான், இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, ரோமைப் பள்ளிக்கு வேறு சகோதரர்கள் வந்தபின் அவர் பிரான்சு திரும்பினார்.